பெரிய நிறுவனத்தில் ஜிஐஎஸ் திட்டத்தை நடத்துவது எப்படி: வடசென்னையில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தண்டையார்பேட்டைத் தெருமுனை ஒன்றில் பூமிக்கடியில் ஒரு வால்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பராமரிப்புப் பிரிவின் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் இருக்கும். திட்டப் பிரிவின் வரைபடத்தில் வேறோர் எண் இருக்கும். கணக்குப் பிரிவின் சொத்துப் பட்டியலிலோ அது ‘வால்வுகள் – 14’ என்ற ஒற்றை வரிக்குள் கரைந்துபோயிருக்கும். மூன்று பிரிவினரும் பேசுவது ஒரே வால்வைப் பற்றித்தான் என்று உறுதிசெய்து, அதற்கு ஒரே எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணை இனி யார் காப்பது என்று எழுதி வாங்குவதே பெரிய நிறுவனத்தின் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை: தகவலை இடத்தோடு இணைத்து வைக்கும் கணினி வரைபட முறை) திட்டத்தில் முக்கால் பங்கு வேலை. மீதிக் கால் பங்குதான் கணினியில் நடக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கால் பங்கைப் படித்துவிட்டு வருகிறார்கள் என்பதால், இக்கட்டுரை முக்கால் பங்கைப் பற்றியே அதிகம் பேசும். குழாய், கேபிள், வடிகால், கட்டடம் என ஆயிரக்கணக்கான சொத்துகளை வடசென்னையில் பராமரிக்கும் நிறுவனம் எதுவானாலும் இந்த வரிசை பொருந்தும்.

முதல் படி: கேள்விகளை எழுதுதல்

ஜிஐஎஸ்ஸின் தந்தை என்று குறிப்பிடப்படும் ரோஜர் டாம்லின்சன், 1960களில் கனடாவின் நிலவளக் கணக்கெடுப்புக்காக இம்முறையை உருவாக்கினார். அத்தனை வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கையால் அளந்து விடை சொல்ல முடியாது என்ற நடைமுறைச் சிக்கலே அதற்குக் காரணமாக இருந்தது. உங்கள் திட்டத்துக்கும் அப்படியொரு சிக்கல் இருக்க வேண்டும். பிரிவுத் தலைவர்களிடம் சென்று “உங்களுக்கு என்ன வரைபடம் வேண்டும்?” என்று கேட்டால், எல்லாம் வேண்டும் என்பார்கள். “போன மாதம் எந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியாமல் திண்டாடினீர்கள்?” என்று கேளுங்கள்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் குழாய் உடைந்தால் எந்தெந்த வால்வுகளை மூட வேண்டும், எத்தனை தெருக்களுக்குத் தண்ணீர் நிற்கும் என்பது ஒரு கேள்வி. கொடுங்கையூரில் ஒரு மணி நேரக் கனமழைக்கு எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் தேங்கும் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குக் குழாய்கள் எங்கெங்கே இணைகின்றன என்பது தெரிந்தால் போதும். இடத்தில் ஒரு மீட்டர் பிழை இருந்தாலும் விடை மாறாது. இரண்டாவது கேள்விக்கோ உயரத்தில் பத்து சென்டிமீட்டர் தவறினாலும் விடை தலைகீழாகிவிடும், அதற்கேற்பச் செலவும் கூடும். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, அதை யார் கேட்கிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை கேட்கிறார், எவ்வளவு துல்லியம் தேவை என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கேள்விகள் போதும். இருபதைத் தாண்டினால், எது முக்கியம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை என்று பொருள்.

இரண்டாம் படி: மாதிரிப் பகுதி

முன்னோட்டத்துக்கு ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நேர்நேராகத் தெருக்கள் அமைந்த மனைப்பிரிவு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே வழக்கமாக இருக்கிறது. அங்கே வேலை மளமளவென்று முடிந்துவிடும். அந்த வேகத்தை வைத்து முழுத் திட்டத்துக்கும் நாள் குறிப்பார்கள். பிறகு பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் எல்லாம் நின்றுபோகும். வடசென்னை ஒரே மாதிரியான நிலப்பரப்பு இல்லை என்பதால், ராயபுரம், வண்ணாரப்பேட்டை போன்ற நெருக்கமான பழைய பகுதியில் ஒன்று, திருவொற்றியூர், மணலி போன்ற பின்னால் இணைந்த பகுதியில் ஒன்று, எண்ணூர்ப் பக்கம் கழிமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய பகுதியில் ஒன்று என மூன்று வார்டுகளை எடுத்துக்கொள்வதே சரியான கணக்கைத் தரும். இம்மூன்றில் மெதுவாக நகரும் வார்டின் வேகத்தையே கால அட்டவணைக்கு அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கையிருப்பில் உள்ள ஆவணங்களைக் கணக்கெடுத்தல்

புதிதாக அளக்கப் புறப்படுவதற்கு முன், நிறுவனத்தில் ஏற்கெனவே கிடப்பவற்றைத் திரட்டுங்கள். பீரோவில் சுருட்டிவைத்த தாள் வரைபடங்கள், ஆட்டோகேட் கோப்புகள், எக்செல் பட்டியல்கள், ஓய்வுபெறப் போகும் ஊழியரின் கைக்குறிப்பு நோட்டு ஆகிய அனைத்தும் இதில் சேரும். ஒவ்வொன்றுக்கும் எந்த ஆண்டு, எந்த அளவுகோல், யாருடைய பொறுப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். அளவுகோலைக் குறிக்கத் தவறாதீர்கள்: 1:50,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு, தரையில் 25 மீட்டர் அகலத்தைக் குறிக்கிறது. கணினியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தக் கோட்டுக்கு அதைவிட அதிகத் துல்லியம் வந்துவிடாது.

வடசென்னை ஆவணங்களில் இரண்டு கண்ணிவெடிகள் உண்டு. முதலாவது வார்டு எண். 2011-இல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சி அமைப்புகள் இணைக்கப்பட்டபோது, மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகிய நகராட்சிகள் அப்போது இணைந்தவைதான். அந்த மறுவரையறையில் 1 முதல் 14 வரையான வார்டுகள் திருவொற்றியூர் மண்டலத்துக்கும், 34 முதல் 48 வரையானவை தண்டையார்பேட்டை மண்டலத்துக்கும் சென்றன. ஆகவே 2008-ஆம் ஆண்டுக் கோப்பொன்றில் ‘வார்டு 5’ என்றிருந்தால், அது திருவொற்றியூர் மண்டலத்தின் வார்டு 5 ஆக இருக்கவே முடியாது. திருவொற்றியூர் அப்போது மாநகராட்சியிலேயே இல்லை. எல்லைகள் இனியும் மாறும். எனவே வார்டு எண்ணை எழுதும்போதெல்லாம் அது எந்த ஆண்டு வரையறைப்படி என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இரண்டாவது கண்ணிவெடி, நில ஆவணம். பழைய நகரப் பகுதியில் நிலத்தைப் பிளாக் எண்ணையும் நகர நில அளவை எண்ணையும் கொண்டு குறிப்பிடுவார்கள். பின்னால் இணைந்த பகுதிகளில் வருவாய்க் கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு எண் என்று செல்லும். போதாக்குறைக்கு, இணைந்த பகுதிகள் 2018-இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்படும் வரை வருவாய்த் துறையில் திருவள்ளூர் மாவட்டத்தின் கீழ் இருந்ததால், பழைய கடிதங்களில் மாவட்டப் பெயரே வேறாக இருக்கும். இரு முறைகளையும் அட்டவணையின் ஒரே பத்தியில் (நெடுவரிசையில்) திணிக்காமல் தனித்தனிப் பத்திகளாக வைத்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: ஆயத்தொலைவு முறையை முடிவு செய்தல்

இடத்தை எந்த முறை எண்களால் குறிப்பது என்ற இந்த முடிவை முதல் வாரத்திலேயே எழுத்தில் எடுத்து, எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். பிறகு மாற்றுவது பெருந்தொல்லை. இடம் காட்டவும் பரிமாறவும் டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் அட்சரேகை, தீர்க்கரேகை முறை), நீளமும் பரப்பும் அளக்க அதே அடிப்படையிலான யுடிஎம் 44 வடக்கு (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) என்று வைத்துக்கொண்டால், வடசென்னைக்குப் போதுமானது. மென்பொருளில் இதை இபிஎஸ்ஜி 32644 என்ற எண்ணால் தேடி எடுக்கலாம். யுடிஎம் 44-ஆம் மண்டலம் கிழக்குத் தீர்க்கரேகை 78 முதல் 84 பாகை வரை பரவியது. சென்னை 80-ஐச் சற்றே தாண்டியிருப்பதால் அதற்குள் வந்துவிடுகிறது. கோயம்புத்தூர் 43-ஆம் மண்டலத்தில் இருக்கிறது. அங்கே செய்து முடித்த திட்டத்தின் கோப்பை அப்படியே நகலெடுத்து இங்கே வேலையைத் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய நில வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற, பூமியின் வடிவத்துக்கான பழைய கணித மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன் 1802-இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் மரபில் வந்தவை அவை. அவற்றை மாற்றாமல் அப்படியே இன்றைய ஆயத்தொலைவுகளின்மேல் வைத்தால், சென்னையில் நூறு மீட்டருக்கும் மேல் விலகி உட்காரும். வண்ணாரப்பேட்டையில் நூறு மீட்டர் என்பது இரண்டு மூன்று தெருக்கள்.

இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் என்ற ஆயத்தொலைவு முறையில் நீளத்தை நேரடியாக அளக்காதீர்கள். நம்முடைய 13 பாகை அட்சரேகையில் அது ஒவ்வொரு நீளத்தையும் ஏறத்தாழ 2.7 விழுக்காடு கூட்டிக் காட்டும். ஆயிரம் மீட்டர் குழாய் 1,027 மீட்டராகத் தெரியும். மீட்டர் கணக்கில் பணம் வாங்கும் ஒப்பந்ததாரர் இதைத் தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் பில்லில் விளைவு ஒன்றுதான். யுடிஎம் முறையிலும் பிழை உண்டு என்றாலும், இங்கே அது கிலோமீட்டருக்கு 35 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

உயரம் இன்னும் வேடிக்கையானது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் விளிம்பில் நின்று, கால் நனையும் தொலைவில் கடல் இருக்கும்போது, துல்லிய ஜிபிஎஸ் கருவியின் திரையில் உயரம் கழித்தல் எண்பதுக்கும் கீழே காட்டும். கருவி பழுதாகிவிட்டது என்று புதியவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழுது ஏதும் இல்லை. ஜிபிஎஸ் தருவது கணித நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். இந்தியப் பெருங்கடலின் இப்பகுதியில் உண்மையான கடல்மட்டம் அந்த நீள்கோளத்தைவிட வெகுவாகத் தாழ்ந்திருக்கிறது. வடிகால் திட்டத்துக்கு வேண்டியது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து உயரம் என்பதால், ஜியாய்டு திருத்தம் (இந்த வேறுபாட்டைச் சரிசெய்யும் கணக்கு) செய்தபின், அருகிலுள்ள நில அளவைத் துறையின் மட்டக்குறியோடு (உயரம் அளந்து பதித்த நிலையான அடையாளம்) ஒப்பிட்டுப் பார்த்தே எண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள். சில மீட்டர் உயரமே கொண்ட வியாசர்பாடி, கொடுங்கையூர் போன்ற சமதளத்தில் இது விளையாட்டில்லை.

ஐந்தாம் படி: எண்ணும் பெயரும்

ஒவ்வொரு சொத்துக்கும் ஒரே ஒரு அடையாள எண் கொடுங்கள். அந்த எண்ணுக்குள் வார்டு, மண்டலம், தெரு, குழாயின் விட்டம் எதையும் ஒளித்து வைக்காதீர்கள். ‘டிபி–42–வி–007’ என்பது பார்க்க அறிவார்ந்ததாகத் தோன்றும். எல்லை மாறிய அன்று அது பொய்யாகிவிடும். பொருளில்லாத வரிசை எண்தான் நீண்ட காலம் நிலைக்கும். பழைய பிரிவு எண்களை அழிக்காமல் பக்கத்தில் தனிப் பத்தியில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சொல்லித்தான் ஊழியர்கள் இன்னும் பத்தாண்டுகளுக்குப் பேசிக்கொள்வார்கள்.

தெருப்பெயருக்குத் தனி அட்டவணை வேண்டும். ‘கோயில்’ என்றும் ‘கோவில்’ என்றும், ‘முதல் தெரு’ என்றும் ‘1வது தெரு’ என்றும் எழுதுவார்கள். பிள்ளையார் கோயில் தெரு இல்லாத பேட்டை கிடையாது. வீடுகளுக்கோ பழைய எண், புதிய எண் என இரண்டு இருக்கும். ஆகவே பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல், அட்டவணையிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்யுங்கள்.

தமிழில் தரவு வைத்திருப்போருக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கோப்புகளில் வானவில், பாமினி போன்ற எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்தவை ஏராளமாக இருக்கும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் அவற்றை ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தில் சேமிக்காதீர்கள். அந்த வடிவத்தில் ஒரு பத்தியின் தலைப்புப் பெயருக்குப் பத்து பைட்டுகள்தான் இடம். யூடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. ‘தெரு’ என்ற சொல்லில் த, அதன் ஒற்றைக் கொம்பு, ர, அதன் உகரக் குறி என நான்கு குறியீடுகள் இருப்பதால் பன்னிரண்டு பைட்டுகள் ஆகின்றன. விளைவாக, தலைப்பு ‘தெர’ என்று அறுந்து நிற்கும். உள்ளே எழுதும் உரைக்கும் 254 பைட்டுகளே வரம்பு என்பதால், எண்பத்து நான்கு குறியீடுகளைத் தாண்டும் முகவரிகள் சத்தமில்லாமல் வெட்டுப்படும். ஜியோபேக்கேஜ் வடிவத்திலோ போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்திலோ இந்தச் சிக்கல் இல்லை.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. க்யூஜிஐஎஸ் இலவசமானது, திறமூலமானது, பெரும்பாலான நிறுவனங்களின் அன்றாடத் தேவைக்குப் போதுமானது. ஆர்க்ஜிஐஎஸ் உரிமம் ஏற்கெனவே இருந்தால் அதையே தொடரலாம். எதை எடுத்தாலும், எல்லோரும் ஒரே தரவுத்தளத்தில் எழுதும்படி அமைப்பதுதான் கட்டாயம். ஆளாளுக்குப் பென் டிரைவில் ‘கடைசி’, ‘மிகக் கடைசி’ என்று கோப்பு வைத்திருக்கும் அலுவலகத்தில் எந்த மென்பொருளும் உதவாது.

ஆறாம் படி: களப்பணி

அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் களப்பணி வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பட்டதை வடசென்னையில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. காசிமேட்டை ஒட்டிய சாலைகளில் அதிகாலை ஏல நேரத்தைத் தவிர்த்து முற்பகலில் செல்லுங்கள். முடிந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலைகளில், செயற்கைக்கோள் படத்தில்கூட மேன்ஹோல் மூடிக்குப் பதிலாக டிரெய்லரின் கூரைதான் தெரியும். அங்கே நடந்துதான் பார்க்க வேண்டும். ட்ரோன் பறக்கவிட எண்ணினால், 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அந்த இடம் எந்த நிற மண்டலத்தில் (பறக்கவிட அனுமதி வேண்டுமா என்பதைக் காட்டும் பிரிவு) வருகிறது என்பதை டிஜிட்டல் ஸ்கை தளத்தில் முன்கூட்டியே பாருங்கள்.

கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்கு நம்பத்தக்கது. இருபுறமும் மாடிவீடுகள் நெருக்கும் சந்தில் அது பக்கத்துத் தெருவையே காட்டிவிடும். ஆகவே தெருக்களையும் கட்டடங்களையும் சரிபார்க்க மட்டும் கைப்பேசியைப் பயன்படுத்தி, வால்வு, மேன்ஹோல் போன்றவற்றுக்கு ஆர்டிகே கருவியை (சென்டிமீட்டர் அளவுத் துல்லியம் தரும் ஜிபிஎஸ்) கொடுங்கள். வானம் தெரியாத சந்துகளில் இரண்டு கட்டட முனைகளிலிருந்து நாடாவால் அளந்து குறிப்பதே இன்றளவும் மிக நம்பகமான முறை.

எந்தக் கருவியையும்விட மதிப்பானவர், அந்தப் பகுதியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த ஃபிட்டர். கொருக்குப்பேட்டையில் ஒருமுறை இரண்டு நாள்களாகத் தேடியும் கிடைக்காத வால்வுக்காக, ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் தெருவில் சற்று நேரம் அங்குமிங்கும் பார்த்தார். “டீக்கடைய எடுத்துட்டாங்க சார், ஆனா வால்வு அங்கதான் கீது. மேல மூணு வாட்டி ரோடு போட்டுட்டானுங்க” என்று சொல்லிவிட்டு, மின்மாற்றிக் கம்பத்திலிருந்து ஏழு தப்படி வைத்து நின்றார். அங்கே உலோகங்காட்டி ஒலித்தது. ஒன்றரை அடித் தாருக்குக் கீழே மூடி இருந்தது. இத்தகையவர்களுடன் நடந்து குறிப்பெடுக்க மாதத்துக்கு நான்கு நாள் என்று அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். அவர்கள் ஓய்வுபெறும் தேதிகளை வாங்கி, அந்த வரிசைப்படி பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போது ‘நேரில் பார்த்தது’, ‘ஊழியர் சொன்னது’, ‘பழைய படத்திலிருந்து எடுத்தது’ என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஆதாரத்தை எழுதுங்கள். குழி தோண்டப் போகிறவருக்கு அந்த ஒரு சொல் மிகவும் முக்கியம்.

ஏழாம் படி: ஒப்பந்தமும் தரச் சோதனையும்

டெண்டரில் ‘வரைபடங்களை ஒப்படைத்தல்’ என்று எழுதினால் வரைபடங்கள்தான் வரும். எந்தெந்தப் பத்திகள் காலியாக இருக்கக் கூடாது, இடப்பிழை எவ்வளவு இருக்கலாம், எப்படிச் சோதிப்போம், தவறினால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். நான் பின்பற்றும் முறை எளியது: வார்டுக்கு ஐம்பது புள்ளிகளைக் கணினி குலுக்கலில் எடுத்து, எங்கள் ஆட்கள் நேரில் சென்று பார்ப்பார்கள், மூன்றுக்கு மேல் தவறினால் முழு வார்டும் திரும்பிப் போகும், சரியாகும் வரை அந்த வார்டுக்குப் பணம் இல்லை.

ஒரு திட்டத்தில் ஒப்பந்ததாரர் ஒருவர் குறித்த தேதிக்கு முன்பாகவே மேன்ஹோல் அடுக்கை (மேன்ஹோல்களை மட்டும் கொண்ட வரைபடத் தரவுத் தொகுப்பை) ஒப்படைத்தார். மென்பொருளின் சோதனைகள் அனைத்திலும் அது தேறியது. அடுத்தடுத்த மேன்ஹோல்களுக்கு இடையிலான தூரத்தைச் சும்மா பட்டியலிட்டுப் பார்த்தபோதுதான், எல்லாமே சரியாக முப்பது மீட்டர் இடைவெளியில், சாலையின் நட்டநடுவில் வரிசையாக அமர்ந்திருந்தது தெரியவந்தது. களத்துக்கு யாரும் போகவில்லை. மேசையில் அமர்ந்து புள்ளி வைத்திருந்தார்கள். உண்மையான தெருவில் இடைவெளி 22 இருக்கும், 35 இருக்கும், திருப்பத்தில் 9 இருக்கும். தரவு அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தால் சந்தேகப்படுங்கள். அதோடு, கோடுகள் முனையில் சேராமல் நிற்கின்றனவா, ஒரே வால்வு இருமுறை பதிவாகியிருக்கிறதா, கழிவுநீர்க் குழாய் மேட்டை நோக்கி ஓடுவதாகக் காட்டுகிறதா என்ற சோதனைகளை மென்பொருளிலேயே எழுதி வைத்து, வரும் ஒவ்வொரு தொகுப்பின் மீதும் ஓட்டுங்கள்.

சட்ட வரம்புகளையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். 2021 பிப்ரவரியில் வந்த புவிசார் தரவு வழிகாட்டுதல்களுக்குப் பின், இந்திய நிறுவனங்கள் வரைபடத் தரவு திரட்ட முன்அனுமதி தேவையில்லை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் கிடைத்தளத்தில் ஒரு மீட்டர், உயரத்தில் மூன்று மீட்டர் என்ற துல்லிய எல்லை உண்டு. நுகர்வோரின் பெயர், கைப்பேசி எண் ஆகியவற்றை வரைபட அடுக்கில் வைக்காமல் இணைப்பு எண்ணை மட்டும் வையுங்கள்.

எட்டாம் படி: பராமரிப்பைப் பிரிவுகளின் கையில் கொடுத்தல்

திட்டம் முடிந்த மறுநாளே வரைபடம் பழசாகத் தொடங்கிவிடும். ஒப்பந்தப் பணியாளர்கள் விலகிப் போகும்போது அவர்களுடைய மடிக்கணினியோடு திருத்தங்களும் போய்விட்ட கதை ஒன்றிரண்டு இல்லை. ஆகவே ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரே ஒரு பிரிவைப் பொறுப்பாளராக்கி, ஆணையாக வெளியிடுங்கள். ஜிஐஎஸ் பிரிவு எந்த அடுக்குக்கும் பொறுப்பாளராக இருக்கக் கூடாது, அது தரவுத்தளத்தையும் சோதனைகளையும் மட்டும் காக்கட்டும். கோட்டத்துக்கு ஒருவரை அவருடைய வழக்கமான வேலையில் ஒரு பகுதியைக் குறைத்து இதற்குப் பழக்குங்கள். கூடுதல் வேலையாகச் சுமத்தினால் மூன்றாம் மாதமே நின்றுபோகும்.

வேலை அட்டையோடு திருத்தத்தைப் பிணைப்பதுதான் எனக்குத் தெரிந்து பலித்த ஒரே வழி. வால்வு மாற்றிய ஊழியரின் அட்டையில் அந்த வால்வின் அடையாள எண்ணும், புகைப்படமும், வரைபடத்தில் திருத்தியாகிவிட்டது என்ற குறிப்பும் இல்லாமல் அட்டையை முடிக்க முடியாதபடி செய்துவிடுங்கள். முதல் மாதத்தில் உதவிப் பொறியாளர்கள் முணுமுணுப்பார்கள்; அதை உயர் அதிகாரி தாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு மாதத்தின் முதல் திங்கட்கிழமை, கோட்ட வாரியாக முடிந்த வேலை அட்டைகளின் எண்ணிக்கையையும் வரைபடத்தில் நடந்த திருத்தங்களின் எண்ணிக்கையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒரு கோட்டத்தில் நாற்பது அட்டைகள் முடிந்து மூன்றே திருத்தங்கள் நடந்திருந்தால், கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் அன்று பிற்பகலே அந்த அலுவலகத்துக்கு நேரில் போய், மீதி முப்பத்தேழையும் அவர்களோடு உட்கார்ந்து பதிவேற்றிவிட்டு வாருங்கள்.